ஆட்லி பார்க் தொகுதியும் இடம் மாறிய ஓடையும்

அனுப்புநர்:
ஜோயல் ஃபரூஜா, பி.எஸ்ஸி. (நில அளவை),
17, லின்னட் தெரு,
ஆட்லி பார்க்.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
மாநிலத் தேர்தல் தொகுதி எல்லை வரையறைக் குழு,
தலைநகர்.

பொருள்: மீண்டும் உருவாக்கப்படவுள்ள ஆட்லி பார்க் தொகுதி – வரைவு அறிக்கை பத்தி 112-இல் எல்லைப் பிழை – பின்னிணைப்பு நான்கில் வரலாற்றுப் பிழை – இரண்டையும் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் வரைவு அறிக்கை, நாள் 27.09.2024.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. 2024 அக்டோபர் 12, சனிக்கிழமை காலை 7.40 மணிக்கு லின்னட் தெரு முட்டும் இடத்தில் அளவைக் கருவியை நிறுத்திவிட்டு எண்ணினேன். வீடுகள் இருபத்திரண்டு. வாக்காளர்கள் ஐம்பத்தொருவர். தங்கள் அறிக்கையின் எழுத்துப்படி இந்த ஐம்பத்தொருவரும் பக்கத்து ஸ்டான்லீ தொகுதியில் இருக்கிறார்கள். அதே பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரைபடத்தின்படி ஆட்லி பார்க் தொகுதியில் இருக்கிறார்கள். ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் குடியிருக்க முடியாது. எங்கள் தெருவில் ஒருமுறை இருந்து பார்த்தோம், நன்றாக முடியவில்லை.

2. நான் நில அளவையாளன். மனு எழுதிப் பழக்கமில்லை, அளந்துதான் பழக்கம். ஆகவே பணிவுக் குறைவாக ஏதேனும் தென்பட்டால் பொறுத்துக்கொள்ளவும். எண்ணில் பிழை தென்பட்டால் பொறுக்க வேண்டாம், தெரிவிக்கவும்.

3. பிழை எளிமையானது. புதிய தொகுதியின் கிழக்கெல்லையை “டானர்ஸ் ஓடையின் நடுக்கோட்டு வழியாக” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொற்றொடர் 1955-ஆம் ஆண்டு பழைய ஆட்லி பார்க் தொகுதி பிறந்தபோது எழுதியது. அதை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். 1955-இல் ஓடை மேற்கே ஒரு பெரிய வளைவு போட்டு ஓடியது. 1974-இல் வெள்ளத் தடுப்புக்காக அந்த வளைவை வெட்டிவிட்டு, கிழக்கே நேராக ஒரு சிமெண்டுக் கால்வாய் கட்டி, ஓடையை அதில் திருப்பிவிட்டார்கள். பழைய படுகைக்கும் புதிய கால்வாய்க்கும் நடுவே அதிகபட்சம் 138 மீட்டர். காய்ந்த அந்தத் துண்டு நிலத்தில், மறு ஆண்டே மனை பிரித்து விற்றதுதான் லின்னட் தெரு. சட்டத்தின் எழுத்து பழைய படுகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தங்கள் வரைபடம் புதிய கால்வாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் நாங்கள் குடியிருக்கிறோம்.

பழைய படுகை எங்கே என்று காண விரும்பினால் ஜூலை மாதத்தில் வரவும். மழைக்குப் பிறகு எந்தெந்த வீட்டுப் பின்வேலி சாய்ந்திருக்கிறதோ அதுதான் படுகை. எலுமிச்சை மரம் மட்டும் அங்கே அமோகமாக வளரும்.

4. இது புதிய பிழையாக இருந்திருந்தால் ஒரு மின்னஞ்சலோடு விட்டிருப்பேன். இது இரண்டாம் முறை. முதல் முறை என்ன நடந்தது என்பதைத் தங்கள் பின்னிணைப்பு நான்கு, ‘முன்னாள் ஆட்லி பார்க் தொகுதி: சுருக்க வரலாறு’ என்ற தலைப்பில் ஒரே வரியில் முடித்திருக்கிறது. அந்த வரி இது: “1976-ஆம் ஆண்டுத் தேர்தல், லின்னட் தெரு வாக்காளர்கள் தவறான தொகுதியில் தங்களைப் பதிவு செய்துகொண்டதால் செல்லாததாயிற்று.” வரலாறு சுருங்கலாம், அம்மையீர். சுருங்கும்போது பழி ஏன் எங்கள் பக்கம் மட்டும் ஒதுங்கியது என்று தெரியவில்லை. ஆகவே சுருக்காமல் சொல்கிறேன்.

5. என் தந்தை சார்லி ஃபரூஜா பதினேழு வயதில் மால்டாவிலிருந்து இந்நாட்டுக்கு வந்தவர். சிமெண்டு வேலை. மேற்படிக் கால்வாய்க்குச் சிமெண்டு கொட்டியவர்களில் அவரும் ஒருவர். அதாவது, எங்கள் எல்லையை நகர்த்தியதில் எங்கள் குடும்பத்துக்கும் பங்கு உண்டு, இதை மறைக்கவில்லை. ஓடையை நகர்த்தினால் தொகுதி நகருமா நகராதா என்று அவருக்கு யாரும் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. வெள்ளிக்கிழமை கூலி வாங்கினார். அந்தத் துண்டு நிலம் மலிவாக வந்தது, மனை வாங்கினார். வீட்டுக்கு வந்த பதிவு அலுவலர், தம் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்து, கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஆட்லி பார்க் என்று தாமே எழுதிக்கொண்டு, இருபத்திரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கிப் போனார்.

1976 மார்ச் 20 அன்று என் தந்தை வாழ்க்கையில் முதல் முறையாக வாக்களித்தார். குடியுரிமை கிடைத்து எட்டு மாதம். திருமணத்துக்குத் தைத்த கோட்டை, திருமணத்துக்கு முன்பே, அன்று போட்டுக்கொண்டு போனாராம்.

6. அந்தத் தேர்தலில் திரு. நார்மன் ஹாலிடே ஒன்பது வாக்குகளில் வென்றார். தோற்றவர் திருமதி ஐரிஸ் ஹெப்பர்ன். அவருடைய ஆட்கள் வரைபடத்தை விரித்துப் பார்த்து, லின்னட் தெருவின் நாற்பத்தேழு வாக்குகளும் இந்தத் தொகுதியில் விழுந்திருக்கவே கூடாது என்று வழக்குப் போட்டார்கள். அது உண்மை. நீதிபதி தேர்தலைச் செல்லாதென்று சொல்லி மறுதேர்தலுக்கு உத்தரவிட்டார். ஆனால் தீர்ப்பின் பதினோராம் பக்கத்தில் அவர் இதையும் எழுதினார்: “இத்தெருவில் வசிப்போர் மீது எக்குற்றமும் இல்லை. குற்றம் வரைபடத்தின் மீது.” தீர்ப்பு பொது நூலகத்தில் இருக்கிறது, யாரும் ஒளித்து வைக்கவில்லை. பின்னிணைப்பு எழுதியவர் பத்தாம் பக்கத்தோடு தேநீர் குடிக்கப் போய்விட்டார் போலும்.

7. மறுதேர்தலுக்குக் குறித்த நாள் 1976 செப்டம்பர் 18. அது ஒரு சனிக்கிழமை. அன்றைக்குத்தான் ஆட்லி பார்க் கால்பந்துக் கழகம், தன் வரலாற்றில் முதல் முறையாக, வட்டார இறுதி ஆட்டம் ஆடியது. இந்த நாளைத் தேர்ந்தெடுத்தது யார் என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொண்டதில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்குப்பதிவு, பக்கத்து மைதானத்தில் ஆட்டம். வாக்களிக்காவிட்டால் அபராதம். ஊரே வரிசையில் நின்றது. வரிசை மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அன்று ஊரில் சும்மா இருந்தவர்கள் லின்னட் தெருக்காரர்கள் மட்டுமே. எங்களைத்தான் நீதிபதி வாக்களிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே.

கழகத்தின் கோல் நடுவரும் வரிசையில் மாட்டிக்கொண்டதால், வேலையில்லாமல் வேலியோரம் நின்றிருந்த என் தந்தையின் கையில் இரண்டு வெள்ளைக் கொடிகளைக் கொடுத்துக் கம்பத்தடியில் நிறுத்தினார்கள்.

தாங்கள் கால்பந்து பார்ப்பவரா என்று தெரியாததால் சொல்கிறேன்: இந்நாட்டுக் கால்பந்தில் முனைக்கு நான்கு கம்பம்; பந்து நடு இரு கம்பங்களுக்கு ஊடே சுத்தமாகப் போனால் ஆறு புள்ளி, கோல் நடுவர் இரண்டு கொடி ஆட்டுவார். கம்பத்தில் உரசினால் ஒரே புள்ளி, ஒற்றைக் கொடி. ஆட்டம் முடியும் நேரம் நம் ஊர் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. இருபது வயது கெவின் பிளங்கெட் உதைத்தார். பந்து போனது. ஊர் துள்ளியது. என் தந்தை ஒரு கணம் கம்பத்தைப் பார்த்தார். பிறகு ஒற்றைக் கொடியை எடுத்து ஆட்டினார்.

ஒரு புள்ளியில் தோற்றோம். கழகம் அதற்குப் பிறகு இன்றுவரை இறுதி ஆட்டத்துக்குப் போகவில்லை.

8. மறுதேர்தலில் திருமதி ஹெப்பர்ன் 312 வாக்குகளில் வென்று, 1992-இல் தொகுதியைக் கலைத்து மூன்று துண்டாகப் பங்கு போடும் வரை பதினாறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். நல்ல உறுப்பினர். எங்கள் தெரு அவருடைய தொகுதியில் இல்லை. ஆனாலும் கால்வாய்க்கு வேலி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அது ஸ்டான்லீ உறுப்பினரின் வேலையாயிற்றே என்று சட்டசபையில் யாரோ கேட்டதற்கு, “எனக்கு ஓட்டே போட முடியாத தெரு அது ஒண்ணுதான். நான் ஜெயிச்சதும் அதனாலதான். ஒரு வேலி போட்டுக் குடுத்தா என்னவாம்?” என்றாராம்.

ஊர் அவ்வளவு தாராளமாக இல்லை. ஒரே ஆண்டில் இரண்டு முறை வாக்களிக்க வைத்ததும் நாங்கள், கோப்பையைத் தொலைத்ததும் நாங்கள் என்று ஆகிவிட்டது. தேர்தல் நாளில் பள்ளிக்கூட வாசலில் வழக்கமாகச் சுட்டு விற்கும் சாசேஜ் ரொட்டி வாங்கப் போனால், இடுக்கி பிடித்திருப்பவர் யாராக இருந்தாலும் கேட்பார்: “வெங்காயம் வைக்கவா? இல்ல லின்னட் தெருவா, அதுக்கும் ரெண்டு வாட்டி ஓட்டெடுக்கணுமா?” எனக்கு ஒன்பது வயதில் இது முதலில் கிடைத்தது. ரொட்டியும் கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இதற்கு நடுவே, மறுதேர்தலில் வாக்களிக்காததற்கு ஏன் அபராதம் விதிக்கக் கூடாது என்று கேட்டு எங்கள் தெருவின் நாற்பத்தேழு பேருக்கும் அரசுக் கடிதம் வந்தது. பெயர்ப் பட்டியலைத் திருத்த மறந்துவிட்டார்களாம். நாற்பத்தேழு பேரும் ஒரே வரியில் பதில் எழுதினார்கள்: “நீதிபதி வேண்டாம் என்றார்.”

9. இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். என் தந்தைக்கு வயது எழுபத்திரண்டு. அந்த ஆட்டத்துக்கு மறுவாரமே கழகத்துக்குப் போய், மதிற்சுவர் இடிந்திருக்கிறதே, கட்டித் தரட்டுமா என்று கேட்டவர், இன்னும் அங்கேதான் இருக்கிறார். மதிற்சுவர், படிக்கட்டு, உடைமாற்றும் அறைத் தரை எல்லாம் அவர் கை. இந்த ஆண்டு கழகம் அவருக்கு ஆயுள் உறுப்பினர் பட்டம் தருவதாக முடிவு செய்தது. லின்னட் தெருவிலிருந்து முதல் ஆள். நவம்பர் 21, வியாழக்கிழமை, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிவிப்பதாக ஏற்பாடு.  என் தந்தை அந்தப் பழைய கோட்டை எடுத்துச் சலவைக்குப் போட்டிருந்தார்.

அக்டோபர் 3 அன்று கழக அறையில், செயலாளர் கெவின் பிளங்கெட் – ஆமாம், அதே கெவின், இப்போது அறுபத்தெட்டு – தங்கள் பின்னிணைப்பைக் கைப்பேசியில் வைத்துச் சத்தமாகப் படித்தார். “கேட்டுக்கோங்கப்பா, இப்ப அரசாங்கமே எழுதிருச்சு. தப்பாப் பதிவு பண்ணினது இவங்கதானாம். நாப்பத்தெட்டு வருஷமா நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?” அறை சிரித்தது. வழக்கமான சிரிப்புதான், நானும் பாதி சிரித்தேன். பந்து கம்பத்தில் படவே இல்லை என்று அன்றிலிருந்து சாதிப்பவர் கெவின்; அவருடைய கேலி எதுவானாலும் என் தந்தை வழக்கமாக ஒரே பதில்தான் வைத்திருப்பார்: “கம்பத்துல பட்டுச்சு, கெவ்.” அத்தோடு எல்லோரும் அடுத்த கோப்பைக்குப் போவார்கள்.

அன்று அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நாங்க தப்பா எதுவும் பண்ணல. அந்த ஆள் எழுதினான், நாங்க கையெழுத்துப் போட்டோம். அந்தப் பட்டத்துக்கு என் பேர் வேண்டாம் கெவ், எடுத்துரு. ஓட்டுப் பட்டியல்லருந்தே எடுத்தாங்க, பேரை எடுக்கறது எனக்கொண்ணும் புதுசில்ல.”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு கழகப் பக்கம் போகவில்லை. கோட்டு இன்னும் சலவைக்கடையில் இருக்கிறது.

10. ஒரு தர்க்கத்தை மட்டும் தங்கள் முன் வைக்கிறேன். ஊரே பார்க்க, கடைசி நிமிடத்தில், தன் சொந்த ஊர் தோற்கும் என்று தெரிந்தும், கம்பத்தில் பட்டதைப் பட்டது என்று கொடி காட்டிய ஒருவர், ஒரு வாக்குக்காகத் தான் குடியில்லாத தொகுதியில் பெயரைப் பதிவு செய்வாரா? அளவைக் கருவி இல்லாமலே இதற்கு விடை சொல்லலாம்.

11. இந்தப் பத்தியை இணையத்தில் வெளியிடும்போது மறைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

சனிக்கிழமை காலை நான் அளந்தபோது எனக்கு அளவுகோல் பிடித்தவர் கெவின் பிளங்கெட். அழைக்கவில்லை, அவராக வந்தார். ஒன்பதாம் எண் வீட்டுப் பின்வேலியில் கோலை நேராகப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “பட்டுச்சுடா.”

எது என்று கேட்டேன்.

“பந்துதான். சத்தம் எனக்கே கேட்டுச்சு.”

அப்படியானால் இத்தனை வருடமாக ஏன் இல்லை இல்லை என்றீர்கள் என்று கேட்டதற்கு, “சும்மா விளையாட்டுக்குடா. சார்லியும் நானும் சந்திச்சா பேச ஒரு விஷயம் வேணாமா? அவன் இதை நெசமாவே மனசுல வச்சிருந்தான்னு எனக்கு எப்பிடித் தெரியும்” என்றார். சரி, உள்ளே வந்து அவரிடமே சொல்லுங்கள் என்றேன். கோல் ஆடியது, அளவை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு சொன்னார்: “முதல்ல அரசாங்கம் அவங்க தப்ப ஒத்துக்கட்டும். அன்னிக்கே நான் என் தப்ப மைக்குல சொல்றேன். நான் மட்டும் தனியாப் போய் நின்னா நல்லாருக்காது பாரு.”

அம்மையீர், ஒரு மனிதர் நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உண்மையைச் சொல்லத் தயாராக நிற்கிறார். கூட நிற்க ஓர் ஆள் தேடுகிறார். அந்த ஆள் தங்கள் குழுதான். தங்கள் திருத்தம் வந்த பிறகு இந்தப் பத்தியைத் தாராளமாக வெளியிடலாம். எழுத்தின் அளவு தங்கள் விருப்பம். பெரிதாக இருந்தால் நல்லது.

12. என் கோரிக்கைகள் இரண்டே. முதலாவது, பத்தி 112-இல் “டானர்ஸ் ஓடையின் நடுக்கோட்டு வழியாக” என்பதை “1974-இல் கட்டிய டானர்ஸ் கால்வாயின் நடுக்கோட்டு வழியாக” என்று மாற்றி, இத்துடன் இணைத்துள்ள நாற்பது ஆயப் புள்ளிகளையும் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) சேர்க்கவும். ஓடை மறுபடி இடம் மாறலாம். ஆயப் புள்ளிகள் மாறா. இரண்டாவது, பின்னிணைப்பு நான்கில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, நீதிபதியின் இரண்டு வாக்கியங்களை அப்படியே வைக்கவும். இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும். கணினி மெதுவாக இருந்தால் முக்கால் மணி.

பொதுக்கூட்டம் நவம்பர் 21. இறுதி அறிக்கை அதற்குப் பிறகுதான் வரும் என்பது தெரியும். அதுவரை காத்திருக்க இயலாது. இணையத்தில் உள்ள வரைவில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட்டால் போதுமானது.

தாங்கள் முடிவெடுக்க வசதியாக, அடுத்து நான் செய்யப்போவதை இப்போதே எழுதிவிடுகிறேன்:

(1) ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசி நாளான அக்டோபர் 25 வரை தபாலை நம்பியிருக்காமல், நாளைக் காலையே தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து இம்மனுவின் நகலில் முத்திரை வாங்குவேன்.

(2) விசாரணைக்கு அழைத்தால் வருவேன். ஐந்து நிமிடம் போதும். படம் காட்டத் திரை வேண்டாம், வரைபடத்தை விரிக்க ஒரு மேசை போதும்.

(3) நவம்பர் 8-க்குள் பதில் வராவிட்டால், மறுநாள் சனிக்கிழமை, தங்கள் எழுத்துப்படியான எல்லையை எங்கள் தெருவில் சுண்ணாம்புக் கோடாகப் போடுவேன். மாநகராட்சி அனுமதிக்கு விண்ணப்பித்தாயிற்று. அந்தக் கோடு ஒன்பதாம் எண்ணில் பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைக்குள் போகிறது: அடுப்பு ஸ்டான்லீயில், பாத்திரம் கழுவும் தொட்டி ஆட்லி பார்க்கில். வீட்டுக்காரர் திருமதி மோரீன் ரம்போல்ட் உள்ளேயும் கோடு போடச் சம்மதித்திருக்கிறார். பத்திரிகைக்காரர்களுக்குக் கேக் செய்வதாகவும் சொல்லியிருக்கிறார்.

(4) திருத்தம் வந்தால், அச்செடுத்து, பொதுக்கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கழக அறிவிப்புப் பலகையில் நானே குத்துவேன். குண்டூசி கெவின் பிளங்கெட் தருவார். மைக் வேலை செய்கிறதா என்றும் பார்த்துவைப்பேன்.

(5) அதற்கு முன்பாகச் சலவைக்கடைக்குப் போய்க் கோட்டை வாங்கி வருவேன்.

(6) அடுத்த மாநிலத் தேர்தல் நாளில், காலை எட்டு மணிக்கு, பள்ளிக்கூட மண்டப வாசலில் என் தந்தைக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக நிற்பேன். அவர் உள்ளே போய்த் தம் பெயரைச் சொல்வார். பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று அலுவலர் விரல் வைத்துத் தேடும் நேரம் முழுவதும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான், நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இந்த முறை அவர் அப்படி நிற்காமல் போனால், என் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்ளவும்.

நாள்: 14.10.2024
இடம்: ஆட்லி பார்க் (வரைபடத்தின்படி)

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஜோயல் ஃபரூஜா

இணைப்புகள்: ஆயப் புள்ளிகள் நாற்பது, 1976 தீர்ப்பின் பதினோராம் பக்கம், ஒன்பதாம் எண் வீட்டு வேலியின் புகைப்படம் (கோல் பிடித்திருப்பவர் முகம், அவர் கேட்டுக்கொண்டபடி, எலுமிச்சை மரத்துக்குப் பின்னால்).